யாகூவின் விலைக் கோப்பு: நின்றதும் மாறியதும்

2017 மே மாதத்தின் நடுப்பகுதியில், பங்குகளின் பழைய விலைகளை யாகூ ஃபைனான்ஸிலிருந்து எடுத்துவந்த நிரல்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செயலிழந்தன. பைதானில் எழுதியவை, ஆர் மொழியில் எழுதியவை, எக்செல் தாளுக்குள் மேக்ரோவாக இருந்தவை என எதுவும் தப்பவில்லை. எல்லாமே ஒரே முகவரியை நம்பியிருந்தன, அந்த முகவரி பதில் தருவதை நிறுத்திவிட்டது. இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்தத் தடையைப் பற்றியும், சில நாள்களுக்குள் அதைச் சுற்றி வழி கண்டுபிடித்த மாற்றுக் கருவிகளைப் பற்றியுமே பேசுகிறார்கள். என் கணிப்பில் அது இந்த நிகழ்வின் சிறிய பகுதிதான். தடை கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே விரைவில் சரிசெய்யப்பட்டது. அதே வேளையில் கோப்புக்குள், நாளின் வர்த்தகம் முடிந்தபோது இருந்த விலையைத் தரும் 'முடிவு விலை' என்ற பத்தி (நெடுவரிசை) குறிக்கும் எண்ணே வேறாகிவிட்டது. அதைப் பற்றி எந்த நிரலும் பிழைச் செய்தி காட்டவில்லை. இந்த ஆய்வு முதலாவதைச் சுருக்கமாகவும் இரண்டாவதை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறது.

ஐசார்ட்

பழைய சேவை 'ஐசார்ட்' என்று தொடங்கும் சர்வர் முகவரியில் இயங்கியது. யாகூ ஃபைனான்ஸின் பழைய விலைகள் பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே, விரிதாளாக இறக்கிக்கொள்ள ஓர் இணைப்பு இருந்தது. அந்த இணைப்பின் முகவரியைத்தான் நிரலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பதிவு செய்ய வேண்டியதில்லை, சாவி வாங்க வேண்டியதில்லை. பங்கின் குறியீட்டையும், தொடக்க, முடிவு நாள்களுக்கான மாதம், தேதி, ஆண்டு ஆகியவற்றையும் முகவரியிலேயே எழுதினால், சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளிகளால் பிரித்த அட்டவணை, வந்து சேரும். மாதங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்பட்டன என்பது மட்டுமே அதில் இருந்த பொறி: ஜனவரிக்கு 0, டிசம்பருக்கு 11. அதை அறியாமல் எழுதிய நிரல் ஒரு மாதம் தள்ளிப் போன தரவைத் தரும். ஆனாலும் தரவு வந்துவிடுவதால் பிழை நெடுநாள் தெரியாமலே இருக்கும்.

வந்த கோப்பில் தேதி, தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை, வர்த்தக அளவு, கடைசியில், பங்குப் பிரிப்பு போன்றவற்றுக்கு ஏற்பச் சரிக்கட்டிய முடிவு விலை என ஏழு பத்திகள் இருந்தன. புதிய நாள் மேலேயும் பழைய நாள் கீழேயும் இருக்கும். இந்த எளிமையின் மீது ஒரு பெரிய கட்டுமானமே எழுந்தது. வெஸ் மெக்கின்னி 2008-இல் எழுதத் தொடங்கிய, பைதானில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நிரலகத்துக்குள் யாகூ விலைகளை ஒரே வரியில் எடுத்துத்தரும் பகுதி இருந்தது. பின்னர் அது பாண்டாஸ் டேட்டாரீடர் என்ற தனி நிரலகமானது. ஆர் மொழியில் குவான்ட்மாட் அதே வேலையைச் செய்தது. கல்லூரி வகுப்புகளில் தந்த பயிற்சிகளும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்வோரின் பேக்டெஸ்ட்களும் (ஓர் உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனைகள்), ஆய்வேடுகளின் பின்னிணைப்பு அட்டவணைகளும் இந்த ஒற்றை வரியில் போய் முடிந்தன. அந்த விலைகள் யாகூ தானாகத் திரட்டியவையும் அல்ல. பழைய விலைகளைத் தருவது கமாடிட்டி சிஸ்டம்ஸ் என்ற தரவு நிறுவனம் என்று யாகூவின் பக்கத்திலேயே அடிக்குறிப்பு இருந்தது. வேறொருவரிடம் உரிமம் பெற்ற தரவை ஒரு நிறுவனம் தன் வாசகர்களுக்குக் காட்டுவது வேறு. உலகில் யாருடைய நிரல் கேட்டாலும் அள்ளித் தருவது வேறு. பயன்படுத்தியவர்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை.

ஐசார்ட் நின்றபோது யாகூவின் இணைய வணிகம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசனுக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 448 கோடி டாலருக்கான அந்த விற்பனை 2017 ஜூன் 13-இல் நிறைவேறியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் உண்டு, காலம் ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் அதில் நான் எதையும் ஏற்றிச் சொல்ல மாட்டேன். யாகூ தன் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொன்னது அந்த ஆண்டு நவம்பரில், நடப்பு விலைகளைத் தந்துவந்த மற்றொரு சிஎஸ்வி சேவையும் நின்றபோதுதான்: அந்தச் சேவை பயன்பாட்டு விதிகளை மீறிப் பயன்படுத்தப்படுகிறது, ஆகவே நிறுத்தப்படுகிறது என்பதே அந்த அறிவிப்பு.

குக்கீயும் கிரம்பும்

இறக்கும் வசதி அடியோடு போய்விடவில்லை. புதிய முகவரியில் அது தொடர்ந்தது, ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. கேட்பவரிடம் யாகூ தந்த குக்கீ, அதாவது உலாவியை அடையாளம் காணத் தளம் தரும் சிறு குறிப்பு, இருக்க வேண்டும். அந்தக் குக்கீக்குப் பொருந்தும் 'கிரம்ப்' என்ற சிறு எழுத்துச் சரமும் முகவரியின் முடிவில் இருக்க வேண்டும். உலாவியில் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்துபவருக்கு இவை இரண்டும் தானாகவே அமைந்துவிடும். நிரலோ முதலில் ஒரு சாதாரணப் பக்கத்தைத் திறந்து, குக்கீயை வாங்கி வைத்து, அந்தப் பக்கத்தின் மூலநிரலுக்குள் கிரம்ப் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி எடுத்து, அதன் பிறகே கோப்பைக் கேட்க வேண்டும்.

இதில் பலரையும் அலைக்கழித்த ஒரு நுணுக்கம் உண்டு. கிரம்பில் சில வேளைகளில் சாய்கோடு வரும். பக்கத்தின் மூலநிரலிலோ அது சாய்கோடாக இல்லாமல், பின்சாய்கோட்டில் தொடங்கும் ஆறெழுத்து யூனிகோட் குறியீடாக இருக்கும். அதை அப்படியே வெட்டி ஒட்டினால் சர்வர் 401 என்ற பிழை எண்ணோடு மறுத்துவிடும். கிரம்ப் ஒவ்வொரு முறையும் வேறாக வருவதாலும், சாய்கோடு எப்போதாவதுதான் அதில் இடம்பெறுவதாலும், காலையில் ஓடிய நிரல் மாலையில் நிற்கும், காரணம் கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. தேதிகளைக் குறிக்கும் முறையும் மாறியது: ஆண்டு, மாதம், தேதி ஆகியவற்றுக்குப் பதிலாக 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகள். இந்திய நேரப்படி ஜூன் 9 நள்ளிரவு என்பது கிரீன்விச் நேரப்படி ஜூன் 8 மாலை 6.30, கணினியின் உள்ளூர் நேரத்தை அப்படியே நொடிகளாக்கிய நிரல், கேட்கும் கால எல்லையை ஒரு நாள் நகர்த்திவிடும்.

அந்த மே மாதமே ரான் அரூசி என்ற நிரலாளர் 'ஃபிக்ஸ் யாகூ ஃபைனான்ஸ்' என்ற சிறு பைதான் நிரலகத்தை வெளியிட்டார். பெயர் சொல்வதைத்தான் அது செய்தது: பாண்டாஸ் டேட்டாரீடருக்குள் இருந்த பழைய யாகூ பகுதியை ஓடும்போதே அகற்றிவிட்டுப் புதிய வழியை அங்கே பொருத்தியது. பயனாளர் தம் நிரலில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும். தற்காலிக ஒட்டு என்று கருதப்பட்ட இந்தக் கருவி 2019-இல் ஒய்ஃபைனான்ஸ் என்று பெயர் மாறி, இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் கருவிகளில் ஒன்றாகிவிட்டது. யாகூவுக்கும் தமக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஆய்வுக்கும் கற்றலுக்கும் மட்டுமே இது என்ற அறிவிப்பு அதன் முகப்பிலேயே இருக்கிறது. அறிவிப்பைப் படித்தவர்களும் அதன் மேல்தான் தங்கள் வேலையைக் கட்டினார்கள்.

அதன் பிந்தைய வரலாறு யாகூ ஒரு கதவை அடைப்பதும் கருவி மற்றொன்றைக் கண்டுபிடிப்பதுமாகவே நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் பக்கத்துக்குள் இருந்த தரவை யாகூ மறையீடு செய்தபோது பாண்டாஸ் டேட்டாரீடரின் யாகூ பகுதி மீண்டும் முடங்கியது. 2024 செப்டம்பரில் பழைய விலைகளை இறக்கும் பொத்தானே கட்டணச் சந்தாவுக்குள் போயிற்று. வரைபடம் வரைவதற்காகப் பக்கம் கேட்கும் வேறொரு முகவரியிலிருந்து எடுத்ததால் ஒய்ஃபைனான்ஸ் தப்பியது. 2025-இல் அளவுக்கு மீறிக் கேட்பதாக 429 என்ற மறுப்பு பரவலானபோது, உலாவியைப் போலவே இணைப்பைத் தொடங்கும் வேறொரு நிரலகத்தை அது துணைக்கு எடுத்துக்கொண்டது.

இந்தக் காலம் முழுவதிலும் ஒய்ஃபைனான்ஸின் பிழைச் செய்தி ஒன்று தொடர்ந்து குழப்பியிருக்கிறது. தரவு வராதபோதெல்லாம், அந்தப் பங்கு சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம் என்று அது சொல்லும். யாகூ வாசலை அடைத்த நாள்களில் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் பட்டியலிலிருந்து போய்விட்டதாகச் செய்தி வந்தது. அனுபவமுள்ளவர் சிரித்துக்கொள்வார். ஆனால் ஐந்நூறு பங்குகளை இரவில் தானாக இறக்கி, வராதவற்றைப் பட்டியலிலிருந்து கழிக்கும் நிரல் அந்தச் செய்தியை மெய்யென்று எடுத்துக்கொள்ளும்.

முடிவு விலை எது?

ஆப்பிள் பங்கு 2014 ஜூன் 6, வெள்ளிக்கிழமை, 645.57 டாலரில் முடிந்தது. ஜூன் 9, திங்கட்கிழமை, ஒன்றை ஏழாக்கும் பங்குப் பிரிப்பு நடைமுறைக்கு வந்தது. அன்று முடிவு விலை 93.70. ஐசார்ட் தந்த கோப்பில் முடிவு விலைப் பத்தியில் இந்த இரண்டு எண்களும் உள்ளபடியே அடுத்தடுத்து நிற்கும். அதை மட்டும் பார்த்து நாள் மாற்றத்தைக் கணக்கிடும் நிரல் 85 விழுக்காடு சரிவு என்று சொல்லும். உண்மையில் 645.57-ஐ ஏழால் வகுத்தால் 92.22, பங்கு வைத்திருந்தவருக்கு அன்று கிடைத்தது 1.6 விழுக்காடு ஏற்றம். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே சரிக்கட்டிய முடிவு விலை என்ற கடைசிப் பத்தி இருந்தது. சந்தையில் உண்மையாக நடந்த விலையும், ஆதாயத்தைக் கணக்கிடப் பயன்படும் விலையும் ஒரே வரியில் தனித்தனியாக இருந்தன. கேட்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

புதிய கோப்பில் முடிவு விலை, பங்குப் பிரிப்புக்கு ஏற்பச் சரிக்கட்டிய விலையாகிவிட்டது. சரிக்கட்டிய முடிவு விலை என்பது பிரிப்போடு, பங்குதாரருக்கு நிறுவனம் தரும் லாபப் பங்கான டிவிடெண்டையும் கழித்தது. பக்கத்தின் அடிக்குறிப்பில் இது சொல்லப்பட்டிருக்கிறது, கோப்புக்குள் சொல்லப்படவில்லை. உண்மையாக நடந்த விலை கோப்பிலிருந்தே போய்விட்டது. 2020 ஆகஸ்ட் 31-இல் ஆப்பிள் மீண்டும் ஒன்றை நான்காக்கியது. அதன்பின் யாகூவைக் கேட்டால் 2014 ஜூன் 6-இன் முடிவு விலை 23.06 என்று வரும். அந்த விலையில் அந்த நாளில் எவரும் ஆப்பிளை வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. போதாக்குறைக்குப் பத்திகளின் வரிசையும் மாறியது: கடைசியில் இருந்த சரிக்கட்டிய விலை வர்த்தக அளவுக்கு முன்னே வந்தது, தேதிகள் பழையதிலிருந்து புதியதாக அடுக்கப்பட்டன. பத்தியைப் பெயரால் எடுக்காமல் இடத்தால் எடுத்த நிரல்கள் வர்த்தக அளவை விலையென்று படித்தன. அந்தப் பிழை எண்ணின் பருமனிலேயே தெரிந்துவிடும். பெயரால் எடுத்த ஒழுங்கான நிரல்களோ ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடி, வேறொரு எண்ணை எடுத்துக்கொண்டன.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். ஆதாய விழுக்காடு மட்டும் வேண்டுமென்றால் புதிய பத்தி பழையதைவிட வசதியானதே. கேடு வேறிடத்தில் இருக்கிறது. 5 டாலருக்குக் கீழான பங்குகளை ஒதுக்குவது பேக்டெஸ்ட்டில் வழக்கமான ஒரு விதி. 2003 ஏப்ரலில் ஆப்பிள் 13 டாலரையொட்டி விற்றது. விதியின்படி அது தேற வேண்டும். அதற்குப் பிறகு 2005-இல் இரண்டாகவும், 2014-இல் ஏழாகவும், 2020-இல் நான்காகவும் பிரிந்ததால், அன்றைய ஒரு பங்கு இன்று 56 பங்குகள். இன்றைய கோப்பு அந்த விலையைக் கால் டாலருக்கும் குறைவாகக் காட்டும்; நிரல் ஆப்பிளைச் சில்லறைப் பங்கு என்று ஒதுக்கிவிடும். பின்னாளில் பலமுறை பிரியும் அளவுக்கு வளர்ந்த பங்குகள் மட்டுமே இப்படி ஒதுக்கப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்காலத்தில் நடந்த ஒன்று கடந்த காலத்துத் தேர்வுக்குள் கசிந்துவிடுகிறது. பங்குக்கு இத்தனை சென்ட் என்று கமிஷன் கணக்கிடும் பேக்டெஸ்ட்டிலும் இதே கதைதான்: 10,000 டாலருக்கு 2014-இல் 15 பங்குகள்தான் வந்திருக்கும், இன்றைய கோப்பின்படி 433 வரும்.

டிவிடெண்டைக் கழிக்கும் முறை இன்னும் நுட்பமான தொல்லை. ஒரு பங்கு 100 டாலரில் முடிந்து, மறுநாள் 2 டாலர் டிவிடெண்ட் நீங்கி வர்த்தகமானால், அதற்கு முந்தைய எல்லா நாள்களின் விலையும் 0.98-ஆல் பெருக்கப்படும். அடுத்த காலாண்டில் மற்றொரு டிவிடெண்ட் வந்தால் மறுபடியும் முழு வரலாறும் பெருக்கப்படும். ஆகவே சரிக்கட்டிய விலை என்பது, கேட்கும் நாளைப் பொறுத்து மாறும் எண். முன்பு இறக்கிய கோப்பின் அடியில் நேற்றைய வரியை மட்டும் ஒட்டிச் சேர்த்துவரும் சேமிப்பு முறையில், இரண்டு அளவுகோல்கள் சந்திக்கும் இடத்தில் இல்லாத ஏற்றமோ இறக்கமோ தோன்றும். பங்குப் பிரிப்பென்றால் அந்தத் தாவல் பெரிதாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். அரை விழுக்காட்டு டிவிடெண்ட் சாதாரண நாளின் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும்.

மாற்றம் அதோடும் நிற்கவில்லை. ஒய்ஃபைனான்ஸில் ஒரு பங்கின் வரலாற்றை எடுக்கும் வழி தொடக்க நிலையிலேயே முழுமையாகச் சரிக்கட்டிய விலைகளைத் தந்தது. பல பங்குகளை ஒருசேர இறக்கும் வழி அப்படித் தரவில்லை. ஒரே கருவி, ஒரே பங்கு, ஒரே நாள், இரண்டு முடிவு விலைகள். 2024 முடிந்து 2025 பிறந்த வேளையில் இரண்டாவது வழியும் முதலாவதைப் போல மாற்றப்பட்டது. முரண்பாடு தீர்ந்தது, நல்லதுதான். ஆனால் சரிக்கட்டிய முடிவு விலை என்ற பத்தி காணாமல் போயிற்று, முடிவு விலைப் பத்தி டிவிடெண்டும் கழிந்ததாயிற்று. காணாமல் போன பத்தியைத் தேடிய நிரல்கள் பிழை காட்டி நின்றன. அவை நற்பேறு பெற்றவை என்பேன். முடிவு விலையை மட்டும் எடுத்தவை தொடர்ந்து ஓடின. ஆக, ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் அதே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு எண்கள்: நடந்த விலை, பிரிப்புக்குச் சரிக்கட்டிய விலை, பிரிப்புக்கும் டிவிடெண்டுக்கும் சரிக்கட்டிய விலை.

கோப்பில் இல்லாதவை

லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15-இல் திவால் மனுத் தாக்கல் செய்தது. அதன் பழைய குறியீட்டை ஒய்ஃபைனான்ஸில் கொடுத்தால் வரலாறு வராது. சந்தையிலிருந்து மறைந்த பங்குகளை யாகூ பொதுவாக வைத்திருப்பதில்லை. பெயர் மாறியவை குறியீட்டோடு நகர்ந்துவிடும்: ஃபேஸ்புக்கின் வரலாறு முழுவதும் 2022 ஜூன் 9 முதல் மெட்டாவின் குறியீட்டுக்குக் கீழே இருக்கிறது. பிழைத்தவர்களின் விலைகளை மட்டும் வைத்துக்கொண்டு 2007-இலிருந்து ஓர் உத்தியைச் சோதித்தால் முடிவு அழகாகத்தான் வரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லோரியும் லாரன்ஸ் ஃபிஷரும் 1960-இல் தொடங்கி, நியூயார்க் சந்தையின் விலைகளை 1926-இலிருந்து திரட்டியபோது, மறைந்துபோன பங்குகளையும் சேர்த்தே திரட்டினார்கள். கட்டணம் கட்டி வாங்கும் தரவுக்கும் இலவசக் கோப்புக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இது என்பதே என் கருத்து. யாகூவுக்கு மாற்றாக இருந்த தரவுச் சேவைகளும் நிலைக்கவில்லை: தன்னார்வலர்கள் பராமரித்த குவாண்டிலின் விக்கி தொகுப்பு 2018-இல் புதுப்பிக்கப்படாமல் நின்றது, ஐஇஎக்ஸ் கிளவுட் 2024 ஆகஸ்ட் முடிவில் மூடப்பட்டது.

இந்தியப் பங்குகளுக்கும் ஒய்ஃபைனான்ஸ் பரவலாகப் பயன்படுகிறது. தேசியப் பங்குச் சந்தைக்கும் மும்பைப் பங்குச் சந்தைக்கும் குறியீட்டின் முடிவில் தனித்தனி ஒட்டு. ஆனால் இங்கே ஒரு வசதி இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தை நாள்தோறும் பவ் காப்பியை, அதாவது அன்றைய பங்கு விலைகள் அடங்கிய கோப்பை, தானே வெளியிடுகிறது. அதில் இருப்பது அன்று நடந்த விலை, பின்னால் யாரும் திருத்தாத விலை. 2024 அக்டோபர் 28-இல் ரிலையன்ஸ் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பங்கை இலவசமாக, அதாவது ஒன்றுக்கு ஒன்று போனஸாக, தந்தபோது பவ் காப்பியில் விலை பாதியாகித்தான் தெரியும். யாகூவின் வரலாற்றில் அந்தத் தடமே இருக்காது. பவ் காப்பியின் வடிவமும் 2024 ஜூலையில் மாறியது, பத்திப் பெயர்கள் வேறாயின, அதற்கும் நிரல்களைத் திருத்த வேண்டியிருந்தது. எனினும் அது முன்னறிவிப்போடு சந்தையே செய்த மாற்றம்.

சேமிக்கும் முறை

இந்த நிகழ்விலிருந்து கிடைக்கும் வேலைமுறை எளியது, கடைப்பிடிப்போர் குறைவு. நடந்த விலையை ஓர் அட்டவணையிலும், பிரிப்பு, போனஸ், டிவிடெண்ட் ஆகியவற்றை நாளோடு மற்றோர் அட்டவணையிலும் வைத்து, சரிக்கட்டிய விலையை வேண்டும்போது கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பானது. யாகூவிலிருந்து மட்டுமே எடுக்க முடிகிறவர், பிரிப்பு விவரத்தையும் கூடவே இறக்கி, முடிவு விலையைத் திரும்பப் பெருக்கி நடந்த விலையை மீட்கலாம். ஒய்ஃபைனான்ஸில் அதற்கு டிவிடெண்ட் சரிக்கட்டலை வெளிப்படையாக நிறுத்தச் சொல்ல வேண்டும், கருவியின் இயல்புநிலையை நம்பக்கூடாது. இறக்கிய நாளும் கருவியின் பதிப்பு எண்ணும் ஒவ்வொரு கோப்போடும் இருக்க வேண்டும். வரியை ஒட்டிச் சேர்க்கும் முறைக்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் முழு வரலாற்றையும் இறக்கி, பழைய கோப்போடு ஒப்பிட்டு, எந்த விகிதத்தில் மாறியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. மாறிய விகிதம் ஒரு பிரிப்போடோ டிவிடெண்டோடோ பொருந்தாவிட்டால் அங்கே நிறுத்திவிட வேண்டும்.

கையில் இருக்கும் கருவி எந்த விலையைத் தருகிறது என்று அறிய, ஆப்பிளின் 2014 ஜூன் 6 வரியை மட்டும் கேட்டாலே போதும். 645.57 வந்தால் அது நடந்த விலை. 92.22 வந்தால் 2014 பிரிப்பு மட்டும் சேர்ந்த பழைய சேமிப்பு, 23.06 என்றால் இரண்டு பிரிப்புகளும் சேர்ந்தது. அதைவிடக் கீழே, 20 டாலரையொட்டி ஓர் எண் வந்தால் டிவிடெண்டும் கழிக்கப்பட்டிருக்கிறது; ஆப்பிளின் அடுத்த டிவிடெண்டுக்குப் பிறகு கேட்டால் அந்த எண் இன்னும் சற்றுக் குறைந்திருக்கும்.